தண்டையார்பேட்டையிலிருந்து பரம்பிக்குளம்: முதல்முறை புலிக்காடு போகிறவர்களுக்கு

பரம்பிக்குளம் புலிகள் காப்பகம் இருப்பது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில். ஆனால் உள்ளே போகும் சாலையோ பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாக நம் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்துதான் ஏறுகிறது. 2010-ல் புலிகள் காப்பகமான இந்தக் காட்டின் பரப்பு 643 சதுர கிலோமீட்டருக்கும் மேல்.

1. முதலில் அறை, பிறகுதான் ரயில். சென்னை சென்ட்ரலில் டிக்கெட் எடுத்துவிட்டு அறை தேடுவது தலைகீழ் வேலை. ஆனப்பாடியில் கூடாரங்கள், தூணக்கடவில் மரவீடு என்று தங்குமிடங்கள் கொஞ்சம்தான். காப்பகத்தின் இணையதளத்திலேயே பதிவு செய்யலாம். ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பு திறக்கும். அதற்குள் அறை உறுதியாகியிருக்க வேண்டும்.

2. மாதம். ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் அட்டைக் கடிக்குத் தயாராகப் போக வேண்டும். கோடை முற்றினால் காட்டுத்தீ அச்சத்தில் வழியை அடைத்துவிடுவதும் உண்டு. நம் வடசென்னைத் தெருக்களில் மழைநீர் வடிந்து முடிகிற டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை உகந்த காலம். பொங்கல் விடுமுறை மட்டும் வேண்டாம், கூட்டம் தாங்காது.

3. பயணம். விம்கோ நகரோ வண்ணாரப்பேட்டையோ, மெட்ரோவில் ஏறினால் சென்ட்ரல். அங்கிருந்து பழனி வழியாகப் பாலக்காடு செல்லும் இரவு ரயிலில் பொள்ளாச்சியில் இறங்குங்கள். காட்டுக்குள் போகும் பஸ் மிகக் குறைவு. நான்கு பேர் சேர்ந்து வாடகைக் கார் பிடிப்பதே நல்லது. பைக்கில் போகும் ஆசையை விட்டுவிடுங்கள், இரு சக்கர வாகனங்களுக்கு அனுமதி இல்லை. சேத்துமடையில் தமிழ்நாட்டுச் சோதனைச்சாவடி, ஆனப்பாடியில் கேரளச் சோதனைச்சாவடி. அடையாள அட்டை கையில் இருக்கட்டும். ரொக்கத்தைப் பொள்ளாச்சியிலேயே எடுத்துவிடுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் கைப்பேசியில் பணம் அனுப்ப முடியாது.

4. உடை. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளில் மங்கிய பச்சை, பழுப்பு நிறத்தில் இரண்டு பருத்திச் சட்டைகள் எடுத்தால் போதும். விலை கூடிய ‘சஃபாரி’ உடுப்பெல்லாம் வீண்செலவு. வாசனைத் திரவியம் பூசாதீர்கள்.

5. காட்டுக்குள். வழிகாட்டிகள் பலர் காடர், மலசர் போன்ற பழங்குடியினர். அவர்கள் கை உயர்த்தினால் பேச்சை நிறுத்துங்கள். மேய்ந்துகொண்டிருக்கும் புள்ளிமான் கூட்டம் திடீரென்று தலை தூக்கி, எல்லாம் ஒரே திசையைப் பார்த்து, வாலை நிமிர்த்தி, முன்னங்காலால் தரையைத் தட்டும். மரத்தின் மேலே கருமந்திக் குரங்கு இருமுவதுபோல் குரல் கொடுக்கும். அருகில் புலியோ சிறுத்தையோ இருக்கலாம் என்பதற்கு இதுதான் அடையாளம். அப்போதும் புலி வெளியே வராமல் போவதே வழக்கம். அடர்ந்த காடு, புதருக்குப் பின்னால் நின்றாலும் தெரியாது. புலி காட்டுவதாக யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள். வெள்ளைக் காலுறை போட்டதுபோல் நிற்கும் காட்டெருதுகளைப் பார்ப்பதற்கு வாய்ப்பு அதிகம். தூணக்கடவு பக்கம் கன்னிமாரா தேக்கையும் கேட்டுப் பாருங்கள். ஐந்து பேர் கைகோத்தால்தான் அந்த மரத்தைச் சுற்றி வளைக்க முடியும்.

6. திரும்பும் டிக்கெட். பொழுது சாய்ந்தபின் காட்டுச் சாலையில் வண்டியை விட மாட்டார்கள். ஆகவே கடைசி நாளில் மாலைச் சுற்று எதுவும் வைத்துக்கொள்ளாமல், மதியத்துக்குள் மலை இறங்கி, பொள்ளாச்சியில் சாப்பிட்டுவிட்டு இரவு ரயிலைப் பிடியுங்கள்.