மாங்கூழ் விற்கிறீர்களா? டைட்டிலில் 'ஹோம்' வேண்டாம்

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் விற்பவர்களில் சிலருடைய வெப்சைட்டைத் திறந்தால் டைட்டிலில், அதாவது பிரவுசர் டேபில் தெரியும் பக்கத்தின் பெயரில், 'ஹோம்' என்று மட்டும் இருக்கும். உள்ளே பெரிய எழுத்தில் 'உங்களை அன்புடன் வரவேற்கிறோம்'. கூழ் வாங்க நினைப்பவர் கூகுளில் இதையா தேடப்போகிறார்?

முதல் வேலையாக டைட்டிலை மாற்றுங்கள். 'பெங்களூரா மாங்கூழ் மொத்த விற்பனை, கிருஷ்ணகிரி' என்று வைத்து, கம்பெனி பெயரைக் கடைசியில் போடுங்கள். தேடல் முடிவில் பெரும்பாலும் தெரிவது இந்த வரிதான். நீண்டுவிட்டால் பின்பகுதி வெட்டுப்படும் என்பதால் முக்கியமான சொல் முன்னால் இருக்கட்டும். பக்கத்தின் பெரிய தலைப்பிலும் முதல் பத்தியிலும் அதே சொல் இயல்பாக வந்தால் போதும். அல்போன்சா கூழும் உண்டென்றால் அதற்குத் தனிப் பக்கம் போடுவதே நல்லது.

டின் அளவு, விலை எல்லாவற்றையும் நோட்டீஸ் மாதிரி ஒரே படமாகப் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அதை எழுத்தாக டைப் செய்யுங்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தை கூகுள் படித்துவிடும் என்று நம்பி இருக்க முடியாது. படத்துக்கான ஆல்ட் டெக்ஸ்டில் (படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்ல, படத்தோடு சேர்த்துக் கொடுக்கும் வரி) '3.1 கிலோ டின்னில் பெங்களூரா மாங்கூழ்' என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

மெட்டா கீவேர்ட்ஸுக்கு, அதாவது பக்கத்தின் கோடுக்குள் மறைவாக எழுதும் தேடல் சொற்களின் பட்டியலுக்கு, தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. அப்புறம், வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக 'மாங்கூழ் மாங்கூழ்' என்று ஒளித்து வைப்பது, ஏமாற்று வேலைகளைத் தடுக்கும் கூகுளின் ஸ்பேம் விதிகளை மீறுவது. பக்கமே தேடலில் பின்னுக்குப் போகலாம், காணாமலும் போகலாம்.

எந்தச் சொல்லைத் தேடி ஆட்கள் வருகிறார்கள் என்பதை வெப்சைட் வைத்திருப்பவர்களுக்கான கூகுள் சர்ச் கன்சோல் என்ற கருவியில் இலவசமாகவே பார்க்கலாம். வெளிமாநில வியாபாரிகள் ஆங்கிலத்தில் தேடுவார்கள், அவர்களுக்கு ஆங்கிலப் பக்கமும் ஒன்று வையுங்கள்.