ஒரு வெடிக்கு ஒரு துடைப்பு

தாத்தா காலத்து மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை லைசென்ஸோடு வைத்திருந்து, அனுமதியுள்ள ரேஞ்சில் குறி அட்டையைச் சுடுகிறவர்களுக்கு இது. முதல் குண்டு நடுவில், மூன்றாவது ஓரத்தில், ஐந்தாவது அட்டையிலேயே இல்லை என்றால் கண்ணைக் குறை சொல்லாதீர்கள். கோளாறு குழலுக்குள் இருக்கும்.

இந்தத் துப்பாக்கியில் போடும் கருமருந்து முழுக்க வாயுவாகிவிடாது. எரிந்தபின் பாதிக்கு மேல் புகைத்தூளாகவும் கசடாகவும் மிஞ்சும். அந்தக் கசடு ஈரத்தை இழுக்கும். கடலூர் கடற்காற்றில் கேட்கவே வேண்டாம், கறுப்புக் களிம்பாகிக் குழலின் உட்புற வரிப்பள்ளங்களை அடைத்துவிடும். குண்டைக் கெட்டிக்கும் கம்பியை இறக்கும்போதே கைக்குத் தெரியும்: முதலில் வழுக்கிக்கொண்டு போனது, பிறகு நறநறவென்று தடுக்கும்.

அதனால் ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் சற்றுப் பொறுத்து, நனைத்து நன்றாகப் பிழிந்த பழைய வேட்டித் துண்டை ஒருமுறை இறக்கி எடுங்கள். உள்ளே கங்கு இருந்தாலும் அணையும். பின்னாலேயே உலர்ந்த துண்டு ஒன்று. நைலான் கலந்த துணி வேண்டவே வேண்டாம், உருகும்.

இன்னொன்று, எனக்கு இதுதான் மிக முக்கியம். குண்டு மருந்தின்மேல் சரியாக உட்கார்ந்த நிலையில், குழல் வாயருகே கம்பியில் ஒரு கோடு போட்டு வையுங்கள். ஒவ்வொரு முறையும் அந்தக் கோடு அதே இடத்துக்கு வர வேண்டும். மேலே நின்றால் இடையில் வெற்றிடம் இருக்கிறது என்று அர்த்தம். அப்படியே சுட்டால் குழலே வெடிக்கலாம். முகத்தைக் குழல் வாய்க்கு நேரே கொண்டுபோகாதீர்கள்.

மருந்தை எப்போதும் ஒரே அளவுக் குப்பியில் அளந்து போடுங்கள். நவீனப் புகையில்லா மருந்து ஒரு சிட்டிகைகூடக் கூடாது.

சுட்ட அன்றே வெந்நீரில் கழுவி, நன்றாக உலர்த்தி எண்ணெய் பூசுங்கள். நம் ஊரில் ஒரு ராத்திரி போதும், துரு பிடிக்க.