கொழும்பில் தனி அலுவலகமா, கோ-வர்க்கிங் மேசையா?

மூன்று நாலு பேரோடு தொழில் தொடங்குகிறவர்கள் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் அறை தேடும்போது மாத வாடகையைத்தான் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டியது முற்பணம். ஆறு மாதம், ஒரு வருடம் என்று மொத்தமாகக் கேட்கும் உரிமையாளர்கள் இங்கே தாராளம். அதற்கு மேல் ஏசி, மேசை கதிரை, இன்டர்நெட், நொத்தாரிசு கட்டணம், முத்திரை வரி எல்லாம் பெரும்பாலும் உங்கள் தலையில்தான். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன் எழுதாவிட்டால் சட்டத்தில் அது செல்லாது. இதைச் சொல்லும் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. "தெரிஞ்ச ஆக்கள்தானே தம்பி" என்றதும் வெள்ளைத் தாளில் கையெழுத்து வைத்துவிடாதீர்கள்.

பல கம்பனிக்காரர் ஒரே இடத்தில் ஆளுக்கொரு மேசையை வாடகைக்கு எடுத்து வேலை செய்யும் கோ-வர்க்கிங்கில் இந்தத் தலையிடி குறைவு. ஆனால் சொல்லும் விலையில் 18 வீத வற் வரி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். போயா தினத்தில் திறப்பார்களா, அந்த முகவரியைக் கம்பனிப் பதிவுக்குப் பாவிக்க விடுவார்களா என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள்.

என்னைக் கேட்டால், வாடிக்கையாளர் கோப்புகளோடு வேலை செய்யும் கணக்காளர், சட்டத்தரணிகளுக்குக் கதவு பூட்டும் அறைதான் சரி. மென்பொருள், டிசைன் ஆட்களுக்கு ஆறு பேர் சேரும்வரை மேசையே போதும்.

எதுவானாலும் பின்னேரம் மூன்று மணிபோல் போய், அங்கிருந்தே ஒரு வீடியோ அழைப்பு எடுத்துப் பாருங்கள். கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஏசிக்கும் வேலை செய்யுமா, லைட்டுக்கு மட்டுமா என்று வாசலில் நிற்கும் செக்கியூரிட்டி ஐயாவிடம் விசாரியுங்கள். தரகரைவிட அவர் உள்ளதைச் சொல்வார்.