டெர்மினல் விம்மில் காப்பி செய்ததை பிரௌசரில் பேஸ்ட் செய்வது எப்படி?

விம் என்பது டெர்மினலில் ஓடும் டெக்ஸ்ட் எடிட்டர். அதில் ஒய் அழுத்தி எடுத்த வரி, பிரௌசரில் கன்ட்ரோல்-வி அடித்தால் வராது. விம் அதைத் தன் ரெஜிஸ்டரில், அதாவது தனக்குள் இருக்கும் தற்காலிகச் சேமிப்பில், வைத்துக்கொள்கிறது. டெஸ்க்டாப்பின் கிளிப்போர்டு தனி. இரண்டையும் இணைக்கும் வழியை உபுண்டு, டெபியன் லினக்ஸை வைத்துச் சொல்கிறேன். கட்டளைகள் இங்கே தமிழ் எழுத்தில் இருக்கின்றன. அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.

படி 1: முதலில் உங்கள் விம்மைச் சோதியுங்கள்

விம் --வெர்ஷன் | கிரெப் கிளிப்போர்டு

வருகிற வரிகளில் 'கிளிப்போர்டு' என்ற சொல்லுக்கு முன்னால் + இருக்கிறதா, - இருக்கிறதா என்று பாருங்கள். + இருந்தால் நேரே மூன்றாம் படிக்குப் போகலாம்.

பலர் மாட்டிக்கொள்கிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கிளிப்போர்டு வசதி விம்மை கம்பைல் செய்யும்போதே (சோர்ஸ் கோடிலிருந்து புரோகிராமாக மாற்றும்போதே) சேர்க்க வேண்டியது. - என்று இருந்தால் விம்ஆர்சியில் (விம்மின் செட்டிங்ஸ் கோப்பில்) எத்தனை வரி எழுதினாலும் பலன் இல்லை. கிளிப்போர்டு கிடைக்காதபோது, அதைக் குறிக்கும் + என்ற ரெஜிஸ்டருக்குப் பதிலாக விம் தன் வழக்கமான ரெஜிஸ்டரையே பயன்படுத்துகிறது. அதனால் விம்முக்குள்ளேயே காப்பி, பேஸ்ட் செய்து பார்த்தால் எல்லாம் சரியாக நடப்பதுபோலத் தெரியும்; வெளியே மட்டும் எதுவும் போயிருக்காது. ஆகவே சோதனையை எப்போதும் வேறொரு புரோகிராமில் பேஸ்ட் செய்து பாருங்கள்.

படி 2: சரியான பேக்கேஜ்

சுடோ ஆப்ட் இன்ஸ்டால் விம்-ஜிடிகே3

பெயரில் ஜிடிகே (விண்டோ, பட்டன்களை வரையும் லைப்ரரி) இருப்பதால் தனி விண்டோவில் திறக்குமோ என்று தயங்க வேண்டாம். விம் என்று அடித்தால் வழக்கம்போல டெர்மினலுக்குள்ளேயே திறக்கும். ஃபெடோராவில் விம்-எக்ஸ்11 பேக்கேஜைப் போட்டு (இந்தப் பெயரில் எக்ஸ் மட்டும் பெரிய எழுத்து), விம்எக்ஸ் என்ற கட்டளையால் திறக்க வேண்டும். ஆர்ச்சில் விம்முக்குப் பதிலாக ஜிவிம். இதற்காக சோர்ஸிலிருந்து கம்பைல் செய்யச் சொல்லும் வழிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அப்டேட் ஒவ்வொன்றுக்கும் நீங்களே பொறுப்பாகிவிடுவீர்கள்.

மறுபடி முதல் படியின் சோதனை. இன்னும் - காட்டினால், டைப் -ஏ விம் என்று அடியுங்கள். எந்தெந்த விம் எங்கே இருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். யாரோ முன்பு கம்பைல் செய்து வைத்த பழைய விம் முன்னால் நிற்கக்கூடும்.

படி 3: காப்பி, பேஸ்ட்

வி அழுத்தி வேண்டியதைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் "+ஒய். அதாவது இரட்டை மேற்கோள் குறி, கூட்டல் குறி, ஒய், ஒன்றன்பின் ஒன்றாக. வெளியிலிருந்து கொண்டுவர "+பி.

சில குறிப்புகளில் "*ஒய் என்று இருக்கும். விண்டோஸில் இரண்டும் ஒன்றுதான். லினக்ஸில் * என்பது மவுஸால் தேர்ந்தெடுத்து நடு பட்டனால் ஒட்டுகிற பிரைமரி செலக்‌ஷன். கன்ட்ரோல்-விக்கு வேண்டியது +.

செட் கிளிப்போர்டு=அன்நேம்ட்பிளஸ்

இதை விம்ஆர்சியில் போட்டால் வெறும் ஒய், பி போதும். ஆனாலும் நான் போடுவதில்லை. டிடி அடித்து அழிக்கிற வரியும் கிளிப்போர்டுக்குப் போய், பிரௌசரிலிருந்து எடுத்து வைத்ததை அழித்துவிடும். கூடுதலாக இரண்டு கீ அடிப்பது எவ்வளவோ மேல்.

பின்சேர்க்கை

கன்ட்ரோல்-இசட் அடித்து விம்மை உறங்க வைத்த பிறகு பேஸ்ட் ஆகவில்லை என்று சிலர் கேட்டிருந்தார்கள். லினக்ஸில் விண்டோக்களைக் காட்டும் அமைப்பான எக்ஸ்11-இல், காப்பி செய்த புரோகிராமே உரையை வைத்திருந்து, மற்றவர் கேட்கும்போது கொடுக்கிறது. உறங்கும் விம்மால் கொடுக்க முடியாது. எஃப்ஜி அடித்து எழுப்பி, மறுபடி காப்பி செய்யுங்கள். விம்மை மூடினாலும் உரை போய்விடலாம், கிளிப்போர்டு மேனேஜர் ஒன்று ஓடினால் அந்தக் கவலை இல்லை.

விம்மிலிருந்து பிரிந்து வளர்ந்த நியோவிம்மில் பேக்கேஜ் மாற்ற வேண்டியதில்லை, வெளிக்கருவி ஒன்று வேண்டும். வேலண்ட் (எக்ஸ்11-க்குப் பதிலாக வந்த புதிய அமைப்பு) என்றால் டபிள்யூஎல்-கிளிப்போர்டு, எக்ஸ்11 என்றால் எக்ஸ்கிளிப். போட்டபின் :செக்ஹெல்த் அடித்தால் எதைப் பிடித்திருக்கிறது என்று அதுவே சொல்லும்.

எஸ்எஸ்ஹெச் வழியாக (தூரத்துக் கணினிக்குள் டெர்மினலில் நுழைந்து) சர்வரில் வேலை செய்பவர்களுக்கு மேலே சொன்னது பொதுவாக உதவாது. அங்கே ஓடும் விம்முக்கு வழக்கமாக உங்கள் டெஸ்க்டாப் தெரியாது. நியோவிம் 0.10 முதல் ஓஎஸ்சி 52 (டெர்மினல் வழியாகவே கிளிப்போர்டுக்கு உரை அனுப்பும் முறை) உள்ளேயே இருக்கிறது, உங்கள் டெர்மினலும் அதை ஏற்க வேண்டும். சாதா விம்மில் நான்கைந்து வரிதான் வேண்டுமென்றால் :செட் நோநம்பர் கொடுத்து வரி எண்களை மறைத்துவிட்டு, ஷிஃப்ட்டைப் பிடித்தபடி மவுஸால் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல்-ஷிஃப்ட்-சி அடியுங்கள்.