மதர்போர்டு வாங்கும் முன்: உங்கள் பிராசசரோடு சேருமா என்று பார்ப்பது எப்படி?

முதன்முறையாக பிசி அசெம்பிள் செய்யப்போகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, "நல்ல மதர்போர்டு ஒன்று சொல்லுங்கள்" என்பதுதான். எந்த பிராசசருக்கு என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்லவே முடியாது. ஆஃபரில் கிடைக்கிறதே என்று போர்டை முதலில் வாங்கிவிட்டு அதற்கு பிராசசர் தேடினால், போர்டு எதை ஏற்கிறதோ அதைத்தான் நீங்கள் வாங்கியாக வேண்டும். அதனால் பிராசசரை முதலில் முடிவு செய்யுங்கள். அதன் முழுப் பெயரை, கடைசி எழுத்து உட்பட, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஐ5-12400 வேறு, ஐ5-12400எஃப் வேறு. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

படி 1: சாக்கெட்

பிராசசர் உட்காரும் இடம்தான் சாக்கெட். இது சேரவில்லை என்றால் மற்ற எதையும் பார்க்கத் தேவையில்லை.

ஏஎம்டி பக்கம் இப்போது புழக்கத்தில் இருப்பவை இரண்டு. ரைசன் 1000 முதல் 5000 வரிசை வரை ஏஎம்4. ரைசன் 7000, 8000, 9000 வரிசைகளுக்கு ஏஎம்5. இன்டெல்லில் 10, 11வது தலைமுறைக்கு எல்ஜிஏ1200. 12, 13, 14வது தலைமுறைக்கு எல்ஜிஏ1700. அதற்குப் பிறகு வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ1851. பிராசசர் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலைத் தேடினால் சாக்கெட் எது என்று அங்கேயே போட்டிருக்கும்.

படி 2: சப்போர்ட் லிஸ்ட் (இதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்)

சாக்கெட் ஒன்றாக இருந்தால் போதும் என்று நினைத்து வாங்கிவிட்டு, ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை என்று தவிப்பவர்கள் நிறையப் பேர். பிராசசர் கச்சிதமாக உட்காரும், லீவரும் மூடிக்கொள்ளும், ஆனால் அந்த பிராசசரை போர்டுக்கு அடையாளம் தெரியாது.

இதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது சிப்செட், அதாவது பிராசசரையும் மற்ற பாகங்களையும் இணைக்கும் போர்டின் முக்கிய சிப். போர்டின் பெயரில் வரும் பி550, பி650 போன்றவை அதன் பெயர்தான். பி550 போர்டு ஏஎம்4 சாக்கெட்தான், ரைசன் 5 2600ம் ஏஎம்4தான், ஆனால் பி550க்கான பட்டியலில் 2000 வரிசை கிடையாது. இன்டெல்லில் 8வது தலைமுறை பிராசசர் பழைய 100, 200 வரிசை சிப்செட் போர்டுகளில் ஓடாது, இரண்டுமே எல்ஜிஏ1151 என்றாலும். செகண்ட் ஹேண்டில் போர்டும் பிராசசரும் தனித்தனியாக வாங்குபவர்கள் இந்த இடத்தில்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

இரண்டாவது காரணம் பயாஸ், அதாவது ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டிலேயே பதிந்திருக்கும் சின்ன மென்பொருள். போர்டு 2018இல் வந்தது, பிராசசர் 2020இல் வந்தது என்றால், அந்தப் போர்டின் ஆரம்ப பயாஸுக்கு இப்படியொரு பிராசசர் இருப்பதே தெரியாது. பி450 போர்டில் ரைசன் 5 5600 நன்றாக ஓடும், ஆனால் பயாஸை அப்டேட் செய்திருக்க வேண்டும். இதே கதைதான் பி650க்கும்: 2022இல் வந்த பழைய ஸ்டாக் பெட்டியை எடுத்து, 2024இல் வந்த ரைசன் 9000 வரிசையை மாட்டினால் அப்படியே பூட் ஆகாமல் போகலாம்.

சரி, எங்கே பார்ப்பது? போர்டு தயாரித்த கம்பெனியின் தளத்தில் அந்த மாடலின் பக்கத்துக்குப் போய், சப்போர்ட் பகுதியில் சிபியு (பிராசசர்) சப்போர்ட் லிஸ்ட்டைத் திறங்கள். உங்கள் பிராசசர் பெயர் அதில் இருக்க வேண்டும். அந்த வரியிலேயே எந்த பயாஸ் பதிப்பிலிருந்து ஓடும் என்றும் போட்டிருக்கும். கடையில் அந்தப் பதிப்பு எண்ணைச் சொல்லி, "இந்த பயாஸ் போட்டுத் தர முடியுமா?" என்று கேளுங்கள். சென்னை ரிச்சி தெரு மாதிரி இடத்தில் நேரில் வாங்கினால், கடையிலேயே மாட்டி ஆன் செய்து காட்டச் சொல்வது இன்னும் நல்லது.

ஆன்லைனில் வாங்குகிறீர்கள் என்றால், பயாஸ் ஃபிளாஷ்பேக் வசதி உள்ள போர்டாகப் பார்த்து எடுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும், ஜிகாபைட்டில் கியூ-ஃபிளாஷ் பிளஸ் என்பார்கள். பிராசசர் மாட்டாமலேயே பயாஸை ஏற்றலாம் என்பதுதான் இதன் அருமை. பயாஸ் ஃபைலை டவுன்லோட் செய்து, கம்பெனி சொல்லும் பெயருக்கு மாற்றி, ஃபேட்32ஆக ஃபார்மட் செய்த பென் டிரைவில் போட்டு, பின்பக்கம் அதற்கென்று குறித்திருக்கும் யுஎஸ்பி போர்ட்டில் செருகி, போர்டுக்கு எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் கொடுக்கும் பெட்டி) இணைப்பு கொடுத்து, பட்டனை சில நொடிகள் அழுத்த வேண்டும். விளக்கு மினுக்கி முடிக்கும்வரை கை வைக்காதீர்கள், நடுவில் கரண்ட் போனால் போர்டே வீணாகலாம், யுபிஎஸ் இருந்தால் அதில் இணைத்துக்கொள்ளுங்கள்.

இன்டெல் 13, 14வது தலைமுறை வாங்குபவர்களுக்கு இன்னொன்று. அவற்றில் சில மாடல்களுக்கு மின்னழுத்தப் பிரச்சினை இருந்து, அதற்கான திருத்தத்தை இன்டெல் 2024இல் பயாஸ் வழியாகத்தான் கொடுத்தது. அதனால் கம்ப்யூட்டர் ஓடுகிறதே என்று விட்டுவிடாமல், புதிய பயாஸைப் போட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள்.

படி 3: ரேம்

ரேமில் இப்போது டிடிஆர்4, டிடிஆர்5 என்று இரண்டு வகை. இரண்டிலும் அடிப்பக்கத்தில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும், ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது போகவே போகாது. ஏஎம்4 என்றால் டிடிஆர்4, ஏஎம்5 என்றால் டிடிஆர்5, குழப்பமே இல்லை. குழப்பம் எல்ஜிஏ1700இல்தான், அங்கே இரண்டு வகைப் போர்டும் உண்டு. அசூஸ் பிரைம் பி760எம்-ஏ டி4 என்ற பெயரைப் பாருங்கள். பி760 என்பது சிப்செட், எம் என்றால் மைக்ரோ ஏடிஎக்ஸ் அளவு, கடைசியில் உள்ள டி4தான் டிடிஆர்4 என்று சொல்கிறது. அந்த டி4 இல்லாத பிரைம் பி760எம்-ஏ டிடிஆர்5 போர்டு. பெட்டியின் படம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், ஆர்டர் போடும்போது பெயரைக் கடைசி எழுத்துவரை படியுங்கள்.

இரண்டு ஸ்லாட்டா நான்கா என்பதையும் பாருங்கள். எச்610 போர்டில் இரண்டுதான் வரும். இப்போதைக்கு 16 ஜிபி போதும், பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்பவர்கள் நான்கு ஸ்லாட் உள்ளதை எடுப்பது நல்லது.

படி 4: கேபினெட்டில் போகுமா?

ஏடிஎக்ஸ் போர்டு 305 x 244 மிமீ, மைக்ரோ ஏடிஎக்ஸ் 244 x 244 மிமீ, மினி ஐடிஎக்ஸ் 170 x 170 மிமீ. பெரிய கேபினெட்டில் சின்ன போர்டு போகும், சின்னதில் பெரியது போகாது. மாட்டும்போது கேபினெட்டில் உள்ள பித்தளை ஸ்டாண்ட்ஆஃப்களை (போர்டைத் தூக்கிப் பிடிக்கும் குட்டித் தூண்களை) போர்டின் ஓட்டைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஓட்டை இல்லாத இடத்தில் ஒன்று துருத்திக்கொண்டிருந்தால் போர்டின் அடியில் பட்டு ஷார்ட் ஆகும், அதைக் கழற்றிவிடுங்கள்.

படி 5: மிச்சம் இருப்பவை

டிஸ்ப்ளே: இன்டெல்லில் எஃப் என்று முடியும் பிராசசரில் கிராபிக்ஸ் கிடையாது, போர்டில் எச்டிஎம்ஐ இருந்தாலும் அதில் படம் வராது, தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டும். ரைசன் 5 5600ம் அப்படித்தான். ரைசன் 5 7600இல் சாதாரண வேலைக்குப் போதுமான கிராபிக்ஸ் உள்ளேயே உண்டு.

எம்.2 ஸ்லாட் (சின்ன பட்டை வடிவ எஸ்எஸ்டியை நேராக போர்டில் செருகும் இடம்): உங்கள் எஸ்எஸ்டி வேகமான என்விஎம்இ வகையா, பழைய சாட்டா வகையா என்று பாருங்கள், இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பல புதிய போர்டுகள் எம்.2வில் என்விஎம்இயை மட்டும்தான் ஏற்கும்.

ஓவர்கிளாக் செய்ய, அதாவது பிராசசரை அதன் இயல்பான வேகத்துக்கு மேல் ஓட்ட நினைத்தால், இன்டெல்லில் பெயரில் கே உள்ள பிராசசரும் இசட் என்று தொடங்கும் சிப்செட்டும் சேர்ந்து வேண்டும். அந்த எண்ணம் இல்லாதவர்கள் இசட் போர்டுக்குக் காசைக் கொட்ட வேண்டாம், அந்தப் பணத்தை கிராபிக்ஸ் கார்டில் போடுங்கள் என்பதுதான் என் கருத்து. அதே சமயம் ஐ9, ரைசன் 9 மாதிரி மின்சாரம் அதிகம் இழுக்கும் பிராசசரை இருப்பதிலேயே மலிவான போர்டில் மாட்டாதீர்கள். பட்டியலில் பெயர் இருக்கும், ஓடவும் செய்யும், ஆனால் மின்சாரம் கொடுக்கும் பகுதி சூடாகி வேகம் குறையும். சாக்கெட்டைச் சுற்றி ஹீட்சிங்க் (சூட்டை இழுக்கும் உலோகக் கட்டி) இருக்கிறதா என்று பாருங்கள்.

பிராசசரைக் குளிர்விக்கும் பழைய கூலரை மறுபடி பயன்படுத்துவதாக இருந்தால், ஏஎம்4 கூலர்களில் பெரும்பாலானவை ஏஎம்5இலும் உட்காரும். எல்ஜிஏ1200 கூலருக்கு எல்ஜிஏ1700இல் ஓட்டை அளவு வேறு, தனி பிராக்கெட் கேட்டு வாங்க வேண்டும்.

படி 6: பெட்டியைத் திறக்கும்போது

எல்ஜிஏ1700, ஏஎம்5 போர்டுகளில் பின்கள் பிராசசரில் இல்லை, சாக்கெட்டில் இருக்கின்றன, முடி மாதிரி மெல்லியவை. கடையிலேயே பிளாஸ்டிக் மூடியை எடுக்கச் சொல்லி, மொபைல் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். எல்லா வரிசையும் ஒரே சீராக மின்ன வேண்டும், எங்கேயாவது ஒரு புள்ளி மட்டும் வேறு பக்கம் மின்னினால் அந்த பின் வளைந்திருக்கிறது, வேறு பீஸ் கேளுங்கள். வீட்டுக்கு வந்த பார்சல் என்றால் பெட்டியைப் பிரிப்பதிலிருந்து வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், வளைந்த பின்னுக்குப் பொதுவாக வாரண்டி கிடைக்காது. அந்த பிளாஸ்டிக் மூடியையும் தூக்கிப் போடாமல் பெட்டியிலேயே வையுங்கள். பின்னால் வாரண்டிக்கு போர்டை அனுப்ப நேர்ந்தால், சாக்கெட்டை அது போட்டு மூடித்தான் கொடுக்கச் சொல்வார்கள்.