நெல்லைச் சீமையில் ஐப்பசியில் கன்று நடும் முறை

சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 அன்று மரக்கன்று நடுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் திருநெல்வேலிச் சீமையின் பெரும்பகுதிக்கு அது பொருந்தாத நாள். தென்மேற்குப் பருவமழை தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரலாக விழுமேயன்றி, நாங்குநேரி, இராதாபுரம், திசையன்விளைப் பக்கங்களுக்குப் பெரும்பாலும் ஈரமற்ற காற்றாகவே வந்து சேரும். காற்றாலைகளைச் சுழற்றும் அந்தக் காற்று, வேர் பிடிக்காத கன்றைச் சில நாட்களிலேயே வாட்டிவிடும். ஆகவே புரட்டாசியில் குழி எடுத்து ஆறவிட்டு, ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை மண்ணை நன்றாக நனைத்த பிறகு நடுவதே முறை. அடுத்த ஆனிக் காற்றுக்குள் வேர் ஊன்ற ஏழெட்டு மாதம் கிடைக்கும்.

குழி இரண்டடி நீள, அகல, ஆழம் இருந்தால் போதும். மேல்மண்ணுடன் நன்கு மக்கிய தொழுவுரத்தையும் கால் கிலோ வேப்பம் புண்ணாக்கையும் கலந்து நிரப்ப வேண்டும். பச்சைச் சாணத்தை இட்டால் கரையான் தேடி வரும். ஊன்றுகம்பைக் கன்றுக்கு மேற்கே நட்டால், காற்று கன்றைக் கம்பிலிருந்து விலக்கித் தள்ளுமே தவிர அதன் மேல் உரசவிடாது. நைலான் கயிறு பட்டையை அறுக்கும் என்பதால், தென்னங்கயிற்றை எட்டு வடிவில் தளர்வாகக் கட்ட வேண்டும்.

வேம்பு, புங்கை, பூவரசு ஆகியவை இங்கே நன்றாக வரும். தாமிரபரணிக் கரையோரத்துக்கு நீர்மருது ஏற்றது. முருங்கைக்கிளை எளிதில் ஒடிவதால் அதை வீட்டின் கிழக்குப் பக்கத்தில் வைப்பது நல்லது. தேரி எனப்படும் செம்மணல் மேட்டு நிலத்துக்குப் பனையைப் போன்ற மரம் வேறில்லை என்பது என் எண்ணம். பனையின் முதல் முளை நேரே மண்ணுக்குள் ஆழமாக இறங்குவதால் பின்னர் பிடுங்கி நடுவது கடினம். எனவே ஆவணி, புரட்டாசியில் கிடைக்கும் கொட்டைகளைப் பத்தடி இடைவெளியில், அவை நிலைத்து வளர வேண்டிய இடத்திலேயே புதைத்துவிட வேண்டும். பொங்கலுக்குக் கிழங்கு தோண்டுவோர் கண்ணில் படாமல் காப்பது தனி வேலை.

காய்கறிப் பாத்திக்கு ஜீவாமிர்தம் போதுமானது. 20 லிட்டர் நீரில் ஒரு கிலோ நாட்டு மாட்டுச் சாணம், ஒரு லிட்டர் கோமியம், 200 கிராம் வெல்லம், 200 கிராம் பயறு மாவு, ஒரு பிடி வரப்பு மண் ஆகியவற்றைக் கரைத்து, நிழலில் இரண்டு நாள் வைத்து, காலையும் மாலையும் கலக்கிவிட்டு, பாசன நீரோடு ஒரு வாரத்துக்குள் ஊற்றிவிட வேண்டும். வெல்லத்துக்குப் பதிலாக உடைந்த கருப்பட்டித் தூளும் ஆகும்.

பங்குனி, சித்திரையில்தான் பெரும்பாலான கன்றுகள் சாகின்றன. அடியில் துளையிட்டுத் துணித்திரி செருகிய பழைய மண்பானையைக் கன்றின் அருகே கழுத்தளவு புதைத்து, நான்கைந்து நாளுக்கு ஒருமுறை நிரப்பி, சுற்றிலும் சருகு மூடாக்கு இட்டு, ஆடு எட்டாதபடி உடைமரத்து முள்ளால் அடைத்துவிட வேண்டும்.