ஏர் நேஷனல் கார்டு: சம்பளம் ஒருவர், ஆணை இன்னொருவர்

அமெரிக்காவின் பகுதிநேர விமானப்படைப் பிரிவுகளைப் பற்றிப் புதிதாக எழுத வருபவர்களின் கட்டுரைகளைத் திருத்துவது சில வருடங்களாக என் வேலை. என் பழைய முட்டாள்தனங்களே வேறு வேறு பெயர்களில் மேஜைக்குத் திரும்பி வருகின்றன. எழுத்துப்பிழை, விமானப் பெயர் மாறிப்போவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவை இரண்டாம் வாசிப்பில் தானாகவே அகப்படும்.

கார்டையும் ரிசர்வையும் ஒன்றாக்குவது

ஏர் ஃபோர்ஸ் ரிசர்வ் முழுக்க மத்திய அரசுடையது. ஜார்ஜியா மாநிலத்து ராபின்ஸ் தளத்தில் தலைமையகம். ஏர் நேஷனல் கார்டு அப்படியல்ல, மாநிலங்களின் படை. புயலின் கண்ணுக்குள் பறக்கும் 'ஹரிக்கேன் ஹண்டர்ஸ்' ரிசர்வைச் சேர்ந்தவர்கள். சறுக்குக்கட்டை மாட்டிய ஹெர்குலிஸ் சரக்கு விமானத்தை அண்டார்க்டிகா பனியில் இறக்கும் 109-ஆவது விங் (விமானப்படையில் ஒரு பெரிய பிரிவு), நியூயார்க் மாநிலத்தின் கார்டு.

விங் கமாண்டர்

இந்திய விமானப்படையில் அது ரேங்க். அமெரிக்காவில் அது ஒரு விங்கை நடத்தும் பொறுப்பு. வகிப்பவர் பெரும்பாலும் கர்னல்.

சம்பளம் கொடுப்பவரையே தலைவராக்குவது

இதுதான் எனக்கு இன்னும் எரிச்சல் தருவது. ஒரு பத்திரிகைக்காக இரண்டு பக்க வரைபடம் போட்டுக் கொடுத்தேன். மேலே ஜனாதிபதி, கீழே விமானப்படை, அதன் கீழே போர்விமானங்களைக் கவனிக்கும் ஏர் காம்பட் கமாண்ட், கடைசியில் ஒரு மாநில விங். எல்லாவற்றையும் இணைத்து ஒரே தடித்த நேர்க்கோடு. விமானம், சீருடை, சம்பளம் எல்லாம் வாஷிங்டனுடையவை, அப்புறம் ஆணை மட்டும் வேறு யாருடையதாக இருக்கும் என்பது என் கணக்கு. நான் பார்த்து வரைந்த பிரிவுகளின் பட்டியலில் அந்த விங்குக்கு நேராக 'கெய்னிங் கமாண்ட்' என்றும் இருந்தது. மத்திய அரசு அழைத்தால் அந்த விங் யாரிடம் போய்ச் சேரும் என்பதுதான் அதன் பொருள். நானோ, இப்போதே அவர்களிடம் இருப்பதாகப் படித்துவிட்டேன்.

இதழ் வெளிவந்த மறுவாரம் ஒரு வாசகரிடமிருந்து தபால் அட்டை வந்தது. ஒரே வரி: "கவர்னரைக் காணோமே?" தொகுப்பு நூலிலிருந்து அந்த இரண்டு பக்கங்களும் தூக்கப்பட்டன, அதற்கான பணமும் வரவில்லை.

கார்டு வீரர் மாதத்தில் ஒரு சனி ஞாயிறும், வருடத்தில் 15 நாளும் பயிற்சிக்கு வருகிறார். அப்போது அவர் இருப்பது டைட்டில் 32 என்ற சட்டப்பிரிவின் கீழ். பணம் மத்திய அரசுடையது, ஆணை கவர்னருடையது. கவர்னருக்குக் கீழே மாநிலப் படையின் தலைமை அதிகாரியான அட்ஜுடன்ட் ஜெனரல், அவருக்குக் கீழே விங். நம்மூர் ஆளுநரை மனதில் வைத்து இதைப் படித்தால் எல்லாம் குழம்பும். அங்கே கவர்னர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர், கிட்டத்தட்ட நம் முதலமைச்சர். வெள்ளம், காட்டுத்தீ என்று மாநிலமே தன் செலவில் இறக்கினால் அது மாநிலப் பணி. டைட்டில் 10-இன் கீழ் மத்திய அரசு அழைத்தால்தான் நான் போட்ட நேர்க்கோடு உண்மையாகும். 1961-இல் பெர்லின் நெருக்கடியின்போது கார்டு போர்விமானங்கள் ஐரோப்பாவுக்குப் போனது அப்படித்தான்.

அப்படி அழைக்கும்போது கவர்னர் மறுக்கலாமா? மினசோட்டா கவர்னர் ரூடி பெர்பிச் மறுத்துப் பார்த்தார். தன் மாநில கார்டு வீரர்களைப் பயிற்சிக்காக மத்திய அமெரிக்காவுக்கு அனுப்புவதை எதிர்த்து வழக்குப் போட்டார். 1990-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

ஆகவே கோடு போடும் முன் அந்த நாளில் எந்த டைட்டில் என்று கேளுங்கள். போன மாதம் ஒரு தம்பி வரைபடம் கொண்டுவந்தான். அதே பெட்டிகள், அதே தடித்த கோடு. "கவர்னரைக் காணோமே?" என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்தேன்.

நேஷனல் கார்டு பீரோ

கார்டுக்கான மத்திய அரசு அலுவலகம். நிதியைப் பங்கிடும், தரம் பார்க்கும். ஆணையிடாது, தலைவர் நான்கு நட்சத்திர ஜெனரலாக இருந்தாலும் சரி.

விமானத்தை எண்ணிப் படையை அளப்பது

டெலவேர் மாநிலத்து டோவர் தளத்தில் இருக்கும் 512-ஆவது ரிசர்வ் விங்குக்குச் சொந்த விமானம் ஒன்றுகூடக் கிடையாது. அங்கேயே உள்ள முழுநேர 436-ஆவது விங்கின் சி-5, சி-17 விமானங்களைத்தான் அவர்களும் ஓட்டுகிறார்கள். இதற்கு 'அசோசியேட்' முறை என்று பெயர். விமானம் ஒன்று, அதிகாரச் சங்கிலி இரண்டு. இதை வரைய வேண்டி வந்தால் இரண்டு பெட்டி போட்டு நடுவில் விமானத்தை வையுங்கள். ஒரு பெட்டியை இன்னொன்றின் கீழே தொங்கவிடாதீர்கள்.